பெரியதையே வாங்கச் சொன்னேன்

ஊர் சுற்றப் போகிறோம், என்ன கேமரா வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் பல வருடங்களாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "டி.எஸ்.எல்.ஆர். வாங்குங்க. சின்னது வாங்கினா பின்னால வருத்தப்படுவீங்க." கேட்டவர் யாரோடு போகிறார், எவ்வளவு நடப்பார், எடுத்த படங்களை என்ன செய்யப்போகிறார் என்று நான் விசாரித்ததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் போகிறவருக்கும் அதே பதில். வயதான பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போகிறவருக்கும் அதே பதில்.

அந்தப் பதில் அவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

தனக்குப் பொருந்தாத கேமராவை வாங்கிவிடுவது பெரிய தவறில்லை. காசு நம்முடையது, நஷ்டமும் நம்மோடு போகும். அது பொருந்தவில்லை என்று புரிந்த பிறகும், நாம் நிற்கிற இடத்துக்கே அடுத்தவரையும் இழுத்து வந்து நிறுத்துவது வேறு. நான் செய்தது அது. ஏன் செய்தேன் என்பதை முடிந்தவரை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் பெரிய கேமரா வாங்கியதற்கு வெளியில் சொன்ன காரணம் படத்தின் தரம். உள்ளே இருந்த காரணம் வேறு. கழுத்தில் கனமான கேமரா தொங்கினால் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஆட்கள் கொஞ்சம் விலகி வழி விடுவார்கள். "சார் எந்தப் பத்திரிகை?" என்று யாராவது கேட்பார்கள். "பத்திரிகையெல்லாம் இல்லைங்க, சும்மா ஆர்வம்தான்" என்று பதில் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறும். அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்படி ஒரு மரியாதை வேறு எங்கும் கிடைத்ததில்லை. அதற்குத்தான் அந்தக் கேமராவை வாங்கினேன். நான் எதைப் பார்க்கப்போகிறேன் என்பதைவிட, என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் என் மனதில் இருந்தது.

ஆனால் வாதம் என்று வந்தால் சென்சாரைப் பற்றிப் பேசுவேன். அதில் பொய் இல்லை. அந்தக் காலத்துச் சாதாரணக் காம்பாக்ட் கேமராக்களில் இருந்த சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உள்ளது. சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களில் இருந்த ஏ.பி.எஸ்.-சி சென்சாரோ ஏறக்குறைய 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் சுமார் 13 மடங்கு. பரப்பு கூடக் கூட அது வாங்கும் வெளிச்சமும் கூடும். மங்கல் நேரத்தில் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் குறையும். இதைக் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து காட்டுவேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்தச் சென்சாருக்கு முன்னால் எந்த லென்ஸ் இருக்கப்போகிறது என்பதை மட்டும் நான் பேச மாட்டேன். கடையில் கேமராவோடு சேர்த்துக் கொடுப்பது 18-55 மி.மீ. கிட் லென்ஸ். அதன் வாய் அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். ஜூம் செய்தால் 5.6க்குச் சுருங்கிவிடும் (எண் கூடினால் வாய் சிறுக்கும்). வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் நல்ல ஜூம் லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு கேமராவின் விலை ஆகும். சுற்றுலாவுக்காகக் கேமரா வாங்கிய என் நண்பர்களில் கிட் லென்ஸைத் தாண்டிப் போனவர்கள் மிகக் குறைவு. நானே ஒரு நீள ஜூம் வாங்கியதோடு நின்றுவிட்டேன்.

2012-இல் சோனி நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.100 வந்தது. சட்டைப் பையில் போகும் கேமரா. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 240 கிராம். சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8. அதைப் படித்த இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டி.எஸ்.எல்.ஆர். சென்சார் இதைவிட மூன்று மடங்கு பெரிது. ஆனால் எஃப் 1.8 லென்ஸ், எஃப் 3.5 லென்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அப்படியானால், அகலக் கோணத்தில், கிட் லென்ஸ் மாட்டிய என் பெரிய கேமராவும் இந்தச் சின்னதும் வாங்கும் மொத்த வெளிச்சம் சமம். சின்னது ஒரு இழை முன்னாலும் இருக்கும். முழு ஜூமுக்குப் போனால் அதன் லென்ஸ் 4.9க்குச் சுருங்கும், அங்கே பெரியது தெளிவாக முந்தும். ஆனால் ஊர் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது அகலக் கோணத்தில்: கோபுரத்துக்கு முன் குடும்பம், அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் சாப்பாடு, மலை விளிம்பில் நால்வர்.

நான் வரைந்து காட்டிய கட்டம் பாதி உண்மைதான் என்று அந்த இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தை மடித்து வைத்தேன். மறுநாளும், அதற்குப் பிறகும், பழைய பதிலையே சொன்னேன்.

கணக்குக்கு முன்பே எனக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் ஹம்பி. ஆர்.எக்ஸ்.100 வருவதற்கு முன்பு அம்மா, அக்கா குடும்பம், என் குடும்பம் எல்லோருமாக ஹொஸ்பேட்டையில் தங்கி ஹம்பியைப் பார்த்தோம். என் பையில் கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், ட்ரைபாட். அக்காவிடம் கைக்குள் அடங்கும் ஒரு காம்பாக்ட், மணிக்கட்டில் கயிறு. விட்டலர் கோயிலில் ட்ரைபாடை விரிக்கப் போனதும் காவலாளி தடுத்தார். தொல்லியல் துறையின் இடங்களில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பிறகு நாள் முழுக்க அதைச் சுமந்தேன்.

விரூபாட்சர் கோயிலின் பின்பக்கம் ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. சுவரில் ஒரு சிறு துவாரம். வெளியே வெயிலில் நிற்கும் ராஜகோபுரத்தின் நிழல் அந்தத் துவாரத்தின் வழியே வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி கீழேயும், அடியிலிருந்து வரும் ஒளி மேலேயும் போய்ச் சேருவதால் உருவம் கவிழ்கிறது. லென்ஸ் இல்லை, சென்சார் இல்லை, இருட்டும் ஓட்டையும் மட்டும். உலகத்தில் உள்ள எல்லாக் கேமராக்களுக்கும் அடிப்படை அதுதான். கேமராவில் ஆசை உள்ள எவனும் அந்தச் சுவருக்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பழகத்தான் அந்த நிழல் தெளிந்து வரும்.

நான் நிற்கவில்லை. கிட் லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. கையில் பிடித்து எடுத்ததெல்லாம் ஆடியது. ஃபிளாஷைத் தூக்கிவிட்டேன். வெளிச்சம் அடித்தது, சுவர் வெளுத்தது, கோபுரம் மறைந்தது. இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னப்பா, இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சுது" என்றார். நான் இன்னொரு முறை அடித்தேன். அக்கா அவளுடைய கேமராவை ஓரத்துக் கல்லின் மேல் வைத்தாள். ஃபிளாஷை அணைத்தாள். டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிட்டாள். தலைகீழ்க் கோபுரம் அவள் கேமராவில் அடுக்கடுக்காக விழுந்திருந்தது. என்னிடம் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது.

அங்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, அக்காவின் மேல்.

மறுநாள் சக்கரதீர்த்தத்தின் பக்கம் துங்கபத்ராவில் பரிசல் ஏறினார்கள். அம்மாவுக்குப் பரிசல் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, "வாப்பா, உனக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கு" என்று கூப்பிட்டார். "நீங்க போயிட்டு வாங்கம்மா. தண்ணி தெறிச்சா கேமரா போயிரும்" என்றேன். கரையில் பாறை மேல் நின்று நீள ஜூமைப் போட்டு எடுத்தேன். அந்தப் படங்கள் இப்போதும் இருக்கின்றன: நல்ல வெளிச்சம், கூர்மையான பாறைகள், தூரத்தில் கறுப்பாக ஒரு பரிசல், அதில் யார் யார் என்று தெரியாத முதுகுகள். அக்கா உள்ளே இருந்து எடுத்த படத்தில் பரிசல்காரர் பரிசலைச் சுழற்றுகிறார். அம்மா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். முந்தானை நனைந்திருக்கிறது. படம் லேசாக ஆடியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அம்மாவுக்கு இப்போது மூட்டு வலி. படி ஏற முடியாது, பரிசலில் உட்கார முடியாது. அந்தப் பரிசலில் அவர் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் இருந்தது. அந்தப் பயணம் முழுக்க நான் மாதங்க மலையையும் விட்டலர் கோயில் கல்ரதத்தையும் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்ரதத்துக்கு என் படம் தேவையில்லை. 2017-இல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்புறத்திலேயே அது அச்சாகியிருக்கிறது.

இவ்வளவும் நடந்த பிறகு, அந்த இரவுக் கணக்கையும் போட்டு முடித்த பிறகு, அக்கா மகன் என்னிடம் கேட்டான். முதல் வேலை, கையில் முதல் சம்பளம். நண்பர்களோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊர் ஊராகப் போகத் திட்டம். "மாமா, அம்மா வச்சிருக்காங்கள்ல, அது மாதிரிச் சின்னதா, ஆனா புதுசா ஒண்ணு வாங்கலாமான்னு பாக்குறேன்" என்றான். நன்றாக யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். "ஆமா மாப்ள, வாங்கு" என்று ஒரு வார்த்தை போதும்.

நான் சொன்னது இது: "அதெல்லாம் பொம்பளைங்க ஹேண்ட்பேக்ல போடுற சாமான் மாப்ள. நீ ஆம்பளையா லட்சணமா ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கு."

அவன் அம்மா எடுத்த படம் என் வீட்டுக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அக்கா அப்போது சமையலறையில் இருந்தாள். கேட்டாளா என்று தெரியாது. அந்த வாக்கியத்தில் சென்சார் இல்லை, லென்ஸ் இல்லை. நான் எதற்காகப் பெரிய கேமரா வாங்கினேனோ அது மட்டும்தான் இருந்தது. அவன் சின்னதை வாங்கி நல்ல படங்களோடு திரும்பி வந்தால், நான் வாங்கியது என்ன ஆகும்? நான் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். அவன் என் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவனுக்கு எது நல்லது என்ற எண்ணம் அந்த நேரத்தில் என் மனதில் இல்லவே இல்லை.

தவணையில் வாங்கினான். முதல் மலையேற்றத்துக்குக் கொண்டுபோனான். கேமராவும் கிட் லென்ஸும் சேர்த்து முக்கால் கிலோ. மழைக்கு உறை, பை என்று அது கூடிக்கொண்டே போனது. இரண்டாவது முறை பாதி வழியில் பைக்குள் வைத்தவன் இறங்கும் வரை வெளியே எடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு கேமரா பீரோவுக்குப் போனது. அவன் இருப்பது சென்னையில். கடல் காற்று, ஈரப்பதம். இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். வெளிச்சத்திலும் காற்றிலும் புழங்குகிற கேமராவுக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரு பொங்கலுக்கு நான் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள். பழுது பார்ப்பவர், பூஞ்சையை எடுக்கலாம், கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டது, அந்தத் தடம் போகாது என்றார். தவணை அப்போதுதான் முடிந்திருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எனக்குத்தான் மாமா மெயின்டெய்ன் பண்ணத் தெரியல" என்றான்.

நான் ஆமோதித்தேன். சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். இந்தக் கதை முழுவதிலும் நினைக்க நினைக்க எனக்குக் கூசுவது அந்தக் கேள்விதான்.

பெரிய கேமராவுக்காக வாதாடும்போது நான் ஒரு புகைப்படக் கலைஞரின் பெயரைச் சொல்வது வழக்கம்: ஆன்ரி கார்த்தியே-பிரசோன். "அவரெல்லாம் சின்னக் கேமராவிலயா எடுத்தார்?" என்று கேட்பேன். ஆமாம், சின்னக் கேமராவில்தான் எடுத்தார். அவர் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது லைக்கா. அந்தக் கேமரா பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்தில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப் பாதையில் நடக்க அவரால் முடியவில்லை. சினிமா பிலிமையே பயன்படுத்தி ஒரு சின்னக் கேமராவைச் செய்து பார்த்தார். 1925-இல் லைப்ஸிக் வசந்தச் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் மக்கள் முன் வந்தது. கார்த்தியே-பிரசோன் அதன் பளபளக்கும் உலோகப் பகுதிகளையும் கறுப்பு நாடாவால் மூடிவிடுவாராம், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தார். உடல் தளர்ந்து படுத்திருக்கும் ஒருவரின் அருகில் ஓசையில்லாமல் நிற்கிற கேமரா அது.

இந்த விவரங்கள் எனக்குப் புதிதல்ல. அவர் பெயரைச் சொல்லும் அளவுக்குப் படித்தவனுக்கு அவர் கையில் இருந்தது என்ன என்று தெரியாமல் இருக்குமா? எனக்குச் சாதகமான பாதியை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். சென்சார் கணக்கில் செய்த அதே காரியம்.

இதைச் சொல்வதால் டி.எஸ்.எல்.ஆர். வேண்டாத சாமான் என்று ஆகிவிடாது. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய். வேடந்தாங்கலில் பறக்கும் நாரையைப் பிடிக்க நீள லென்ஸும், சட்டென்று ஃபோகஸ் ஆகும் கேமராவும் வேண்டும்; அந்தக் காலத்துக் காம்பாக்ட்டுகள் பொத்தானை அழுத்திய பிறகு யோசித்துத்தான் எடுக்கும், அதற்குள் பறவை போய்விடும். ஓடுகிற குழந்தைக்கும் அப்படியே. உச்சி வெயிலில் பின்பக்கத் திரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் அங்கே பெரிய உதவி. ஆர்.எக்ஸ்.100இல் ஒரு சார்ஜுக்கு 330 படங்கள்தான், பல டி.எஸ்.எல்.ஆர்.கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும். படம் எடுப்பதற்காகவே ஊருக்குப் போகிறவருக்கு, விடிகாலையில் தனியாக எழுந்து போகிறவருக்கு, அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு இன்றும் பெரியதையே சொல்வேன்.

போகிற ஊரில் கூட வருகிறவர்களோடு இருக்க விரும்புகிறவருக்கு அது கூடாது. அவர் எடுக்கிற படங்கள் 4க்கு 6 அங்குலத் தாளில் அச்சாகும், அல்லது போனில் பார்க்கப்படும். அந்தத் தாளுக்கு 300 டிபிஐ-யில் 22 லட்சம் பிக்சல்கூடத் தேவையில்லை. 2000-களின் நடுவில் வந்த மலிவான காம்பாக்ட்டே அதைத் தாண்டிவிட்டது. இப்போது போன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கையடக்கக் கேமரா வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள், ஆனால் சில வருடங்களாக இளைஞர்கள் மீண்டும் அதைத் தேடுகிறார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. போன மாதம்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். யார் கூட வருகிறார்கள், எவ்வளவு நடப்பீர்கள், மழை இருக்குமா, படத்தைப் பெரிதாக அச்சடிப்பாயா என்று கேட்டேன். பாட்டியோடு தனுஷ்கோடி போகிறாளாம். பையில் இடம் இருந்தால் ஒரு நல்ல காம்பாக்ட், இல்லையென்றால் கையில் இருக்கும் போனே போதும் என்றேன். "நீங்க பெரிய கேமரா வச்சிருக்கீங்களே அங்கிள்" என்றாள். அது எனக்குப் பொருந்தவில்லை என்று சொன்னேன். முதல் முறையாகச் சொன்னேன்.

அக்கா மகனிடமும் தீபாவளியன்று பேசினேன். "அன்னைக்கு உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன் மாப்ள" என்றேன். "அது எப்பவோ நடந்தது மாமா, விடுங்க" என்று இலையில் இன்னொரு அதிரசத்தை எடுத்து வைத்தான். தப்பாகச் சொன்னேன் என்பதோடு நின்றுவிட்டேன். தெரிந்தே சொன்னேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. இது அச்சாகி அவன் கைக்குப் போவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அக்காவிடமும், அவள் கேமராவைப் பற்றி அவள் மகனிடம் நான் என்ன சொன்னேன் என்பதை.